காய்கனிப் பாகுபாடு

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து திரும்பும் மக்கள், மாலையில் காய்கறிக் கடைமுன் கூடுவர். அங்கே கத்தரியும் வெண்டையும் தக்காளியும் ஓரிடத்தில் இருக்கும். மாவும் கொய்யாவும் பழக்கடையில் இருக்கும். இப்பாகுபாட்டை வகுத்தது சமையலறை. குழம்பிற்கும் கறிக்கும் உரியவை காய்கறி. பழுத்தபின் அப்படியே சுவைத்து உண்பவை பழம்.

தாவர நூலார் கொள்ளும் முறை வேறு. பூவின் சூலகம் முதிர்ந்து விதையைத் தாங்கி நிற்பது அவர்க்குக் கனியாகும். ஆதலின் கத்தரி, வெண்டை, தக்காளி ஆகிய யாவும் கனிகளே. முள்ளங்கி வேர், உருளைக்கிழங்கு நிலத்தடித் தண்டு, கீரை இலையும் இளந்தண்டும் ஆம். கனிகளை அவர் மூவகையாகப் பிரிப்பர். ஒரு பூவின் ஒரே சூலகத்தில் தோன்றும் மாங்கனி தனிக்கனி. ஒரு பூவிலுள்ள இணையாத சூலகங்கள் பல திரண்டு உண்டாகும் சீத்தா திரள்கனி. பல பூக்கள் ஒருங்கே சேர்ந்து உண்டாகும் பலா கூட்டுக்கனி.

இவ்விரு முறைகளும் ஒருமுறை வழக்குமன்றத்தில் மோதின. அமெரிக்க நாட்டில் 1883-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டப்படி, அயல்நாட்டுக் காய்கறிக்கு நூற்றுக்குப் பத்து வரி உண்டு, பழத்திற்கு இல்லை. தக்காளி பழமே எனக் கூறி, செலுத்திய வரியைத் திரும்பப் பெற நிக்ஸ் என்னும் வணிகர் வழக்குத் தொடுத்தார். தாவர நூல்படி அது கனியே எனினும், மக்கள் வழக்கில் உணவோடு உண்ணும் காய்கறியே என்று 1893-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வணிகர் தோற்றார்.

தமிழ் மக்களோ பருவம் நோக்கியும் பெயரிட்டனர். திருவள்ளூர் மாவட்டத்து மாந்தோப்பில், பிஞ்சு வடு எனப்படும், முற்றியது காய், பழுத்தது பழம். வாழைப் பிஞ்சு கச்சல். பலாப் பிஞ்சு மூசு. தென்னம் பிஞ்சு குரும்பை. பச்சையாயிருப்பது தக்காளிக்காய், சிவந்தது தக்காளிப்பழம் என்பர். இரண்டும் குழம்பிற்கே ஆகும். ஈண்டுக் காய், பழம் என்னும் சொற்கள் இனத்தைக் குறியாமல் பருவத்தையே குறிக்கின்றன. வடுவாய்ப் பறித்து ஊறுகாய்க்கு விற்பதா, பழுக்கும்வரை பொறுப்பதா என ஆராயும் உழவர்க்கு இப்பருவ அறிவே வருவாய்.

சமையலறைக்கு ஒரு முறை, தாவர நூலுக்கு ஒரு முறை, தோப்பிற்கு ஒரு முறை உண்டு. இவற்றுள் எதுவும் பிழையன்று. ஒரு பொருள் எவ்வகையைச் சார்ந்தது என வினவுமுன், அவ்வகை எந்நோக்கம் பற்றி வகுக்கப்பட்டது என அறிதல் வேண்டும். கச்சல், மூசு முதலிய சொற்களை வழங்குவாரோ இன்று குறைந்து வருகின்றனர். அவற்றை அறிந்து வழங்குதல் மாணவர் கடமையாகும்.