வெறும் தொட்டிலை ஆட்டிப் பாருங்கள்

"ஏட்டி, வெறுந்தொட்டில ஆட்டாத, பிள்ளைக்கு வயித்த வலிக்கும்!"

மும்பை சயானில் எங்கள் கட்டடத்தில் ஒரு வீட்டுக்குத் தொட்டில் வந்து இறங்கிய அன்று நான் வாங்கிய திட்டு இது. திட்டியவர் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்து, அங்கிருந்து சயானுக்கு ஏறி வந்த குடும்பம். பேச்சில் பாதி மராட்டி கலந்துவிட்டது. தொட்டில் விஷயத்தில் மட்டும் இன்னும் ஊரைவிட்டு ஓர் அடி நகரவில்லை.

"வெறுந்தொட்டில் இல்ல பெரியம்மா, அஞ்சு கிலோ பொன்னி அரிசி படுத்திருக்கு" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த நம்பிக்கைக்கு ஒரு தங்கை உண்டு. பிள்ளை பிறக்கும் முன்னால் தொட்டில் வாங்கக் கூடாது என்பது. பிரசவத்தில் தாயும் பிள்ளையும் பிழைப்பதே பெரும்பாடாக இருந்த காலத்தின் அச்சம் அதில் இருக்கிறது. கேலி செய்ய மனம் வரவில்லை. ஆனால் இரண்டும் சேர்ந்தால் நடப்பது இதுதான்: பெயர் வைக்கும் நாளுக்கு முதல் நாள் மாலை மாமன் ஓடிப்போய்க் கண்ணில் பட்டதை வாங்கி வருகிறார், இரவோடு இரவாகப் பூட்டுகிறார்கள், காலையில் பூச்சுற்றிப் பிள்ளையைக் கிடத்துகிறார்கள். அந்தத் தொட்டிலில் முதன்முதலாக ஏறும் சுமையே பிள்ளைதான்.

அன்று வந்தது 2,200 ரூபாய்த் தொட்டில். இரும்புக் குழாய்ச் சட்டம், வலைத்துணிப் பக்கங்கள், நான்கு சக்கரம். அரிசிப் பையை வைத்து ஆட்டினேன். ஆட்டம் நின்றபோது பை ஒரு பக்கமாகச் சரிந்து வலையோடு ஒட்டிக் கிடந்தது. பிள்ளையாக இருந்தால் அதன் மூக்கு இருந்திருக்க வேண்டிய இடம் அது. மூன்றாம் மாடியில் குடியிருக்கும், கொத்து வேலை பார்க்கும் சித்தப்பா ரசமட்டத்தைக் கொண்டுவந்து மெத்தைப் பலகையில் வைத்தார். குமிழி ஓரத்துக்கு ஓடியது. அவர் குனிந்து பார்த்து, அடியில் ஒரு போல்ட்டைத் திருகினார். குமிழி நடுவுக்கு வந்தது. தொட்டிலில் குறையில்லை, பூட்டியவர் அவசரத்தில் ஒரு திருகை விட்டிருந்தார். ரசமட்டம் இல்லாதவர்கள் போனில் மட்டம் பார்க்கும் வசதியைத் திறந்து மெத்தைமேல் வைத்தால் போதும்.

பிறகு சக்கரப் பூட்டு நான்கையும் அழுத்தித் தள்ளிப் பார்த்தோம். ஆடாமல் நிறுத்தும் கொண்டி ஒன்று இருந்தது. தூங்கும் பிள்ளைக்கு அது போட்டிருக்க வேண்டும். மடக்கும் மூட்டில் என் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன், நசுங்கும் இடைவெளி இல்லை. மெத்தைக்கு மேல் பக்கச்சுவரின் உயரத்தை டேப்பால் அளந்தேன். அமெரிக்க விதி குறைந்தது 19 சென்டிமீட்டர் கேட்கிறது, இது 22. மரக்கம்பி வைத்த தொட்டிலாக இருந்தால் கம்பிகளுக்கு நடுவே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. அதைவிட அகன்றால் பிள்ளையின் உடல் நழுவி வெளியே போகும், தலை உள்ளே மாட்டிக்கொள்ளும். மொத்தம் அரை மணி நேர வேலை. மலிவுத் தொட்டில் தேறிவிட்டது.

தேறாதது, கடைக்காரர் அன்போடு இலவசமாகக் கொடுத்தனுப்பிய செட்.

"பிள்ளைக்கு மெத்துமெத்தென்று இருக்க வேண்டும்"

செட்டில் ஒரு பஞ்சு மெத்தை, ஒரு குட்டித் தலையணை, இரு பக்கமும் அண்டக் கொடுக்கும் உருளைத் தலையணைகள், சுற்றிலும் கட்ட ஒரு பஞ்சுத் தடுப்பு. பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சி. எல்லாவற்றையும் எடுத்து அலமாரியில் வைக்கச் சொன்னேன், அன்று வாங்கிய இரண்டாவது திட்டு அதற்காக.

பிறந்து சில வாரமே ஆன பிள்ளை முகம் புதைந்தால் தலையைத் தூக்கித் திருப்ப முடியாது. விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டு கிடக்கும். உள்ளங்கையால் மெத்தையை அழுத்தி எடுங்கள். பள்ளம் உடனே நிமிர வேண்டும். கைக்குழி தங்கினால் அது பிள்ளைக்கான மெத்தை அல்ல. மேலே இன்னொரு மெத்தை போட்டால் பக்கச்சுவரின் உயரமும் அந்த அளவுக்குக் குறைந்துபோகும், இதை யாரும் யோசிப்பதில்லை. பக்கவாட்டில் கட்டும் பஞ்சுத் தடுப்பை அமெரிக்கா 2022இல் சட்டம் போட்டே தடைசெய்தது.

தலை உருண்டையாக வர வேண்டுமென்று நம் மாட்டுங்கா, செம்பூர் வீடுகளிலும் புழங்கும் கடுகுத் தலையணைக்கும் இதே தீர்ப்பு. ஒரு வயது வரை எந்தத் தலையணையும் தேவையில்லை. பின்மண்டை தட்டையாகிறதே என்ற கவலைக்கு மருந்து வேறு: விழித்திருக்கும்போது, நாம் பக்கத்தில் உட்கார்ந்து, தினம் கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாட வைப்பது.

கொசுவலைக் குடையைப் பற்றிக் கேட்பீர்கள். மும்பையில் வலை வேண்டாம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. வலை இருக்கட்டும், விறைப்பாக, பிள்ளை கைக்கு எட்டாமல். அதோடு ஒட்டி வரும் பஞ்சுப் படுக்கைதான் வேண்டாம்.

"விலை கொடுத்தால் பாதுகாப்பு வரும்"

ஃபிஷர்-பிரைஸ் என்பது உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். அந்த நிறுவனம் 2009 முதல் 'ராக் அன் பிளே' என்றொரு சாய்வுத் தொட்டிலை அமெரிக்காவில் விற்றது. தலைப்பக்கம் உயர்ந்து சுமார் 30 பாகைச் சாய்வு. பால் கக்காது, நன்றாகத் தூங்கும் என்று தாய்மார்கள் கொண்டாடினார்கள். 2019 ஏப்ரலில் சுமார் 47 லட்சம் தொட்டில்களையும் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். அதற்குள் முப்பதுக்கு மேற்பட்ட குழந்தைகள் அதில் இறந்ததாகப் பதிவாகியிருந்தது. 2023 ஜனவரியில் அந்த அறிவிப்பை மறுபடி வெளியிட்டபோது கணக்கு நூறை நெருங்கியிருந்தது. சாய்வில் பிள்ளையின் தாடை நெஞ்சில் இறங்கி மூச்சுக்குழல் மடியும், அல்லது பிள்ளை உருண்டு துணியில் முகம் புதையும். இப்போது அங்கே 10 பாகைக்கு மேல் சாய்ந்த எதையும் தூங்கும் இடமென்று விற்க முடியாது.

மறுபக்கம் பின்லாந்து. 1938 முதல் வசதியற்ற தாய்மாருக்கும் 1949 முதல் எல்லாத் தாய்மாருக்கும் அரசு ஒரு அட்டைப்பெட்டி கொடுக்கிறது. உள்ளே பிள்ளைத் துணிகள், அடியில் ஒரு மெல்லிய மெத்தை. துணிகளை எடுத்துவிட்டால் பெட்டியே படுக்கை. அந்தப் பெட்டியால்தான் சிசு மரணம் குறைந்தது என்று சொல்பவர்கள் உண்டு. பெட்டி வேண்டுமென்றால் கர்ப்பகாலத் தொடக்கத்திலேயே மருத்துவப் பரிசோதனைக்குப் போயிருக்க வேண்டும் என்ற நிபந்தனைக்குத்தான் அதில் பெரும்பங்கு என்பது என் எண்ணம். ஆனாலும் தட்டையான, கெட்டியான, காலியான படுக்கைக்கு அட்டைப்பெட்டியே போதும் என்பது நிற்கிறது.

"மல்லாக்கப் போட்டால் பால் புரையேறும்"

மல்லாந்து கிடக்கும் பிள்ளைக்கு மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் இருக்கும். எதுக்களித்த பால் மேலேறித்தான் மூச்சுக்குழலுக்குப் போக வேண்டும். அதற்குள் பிள்ளை விழுங்கிவிடும். குப்புறப் போட்டால் இந்த அமைப்பு தலைகீழாகிறது. 1994இல் அமெரிக்காவில் மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்லி இயக்கம் தொடங்கிய பின் திடீர் சிசு மரணம் ஏறக்குறையப் பாதியானது.

"நாங்கள் எல்லோரும் தூளியில்தானே வளர்ந்தோம்?"

உண்மைதான், நானும் அப்படித்தான். தாராவியில் நூறு சதுர அடி அறைக்குள் ஆறு பேர் படுக்கும்போது, ஜூலை மழையில் தரை ஓதம் அடித்து, இரவில் எலி ஓடும் வீட்டில், பிள்ளையைச் சேலையில் கட்டித் தொங்கவிடுவது அறியாமை ஆகாது. இடமில்லாதவள் கண்ட வழி அது. தனி அறை, தனிக் கட்டில் என்று எழுதும் வெளிநாட்டுப் புத்தகம் அவளுக்கு உதவாது.

ஆனால் தூளியின் குழிவு பிள்ளையை வில்லாக வளைக்கிறது. தாடை நெஞ்சைத் தொடுகிறது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்குக் கழுத்தில் பலமே கிடையாது. எங்கள் சயான் மருத்துவமனையில்தான் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் 1989இல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார், இத்தகைய பிள்ளைகளுக்காக. அப்படிப் பாலூட்டிக் காப்பாற்றிய பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்து சேலைக் குழிக்குள் மடித்துப் போடலாமா? பகலில், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கையில் தாலாட்டித் தூங்கவைக்கத் தூளி இருக்கட்டும். தூங்கியதும் தாய்க்குப் பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில், தனியாக ஒரு மெல்லிய கெட்டி விரிப்பில் மாற்றுங்கள். ஓதத்துக்கும் எலிக்கும் அஞ்சினால் அந்த விரிப்பையே ஒரு தாழ்ந்த பெட்டித் தொட்டிலுக்குள் விரியுங்கள்.

கட்டிய தூளியை அவிழ்க்காமல் விடாதீர்கள். அண்ணன் அக்காமார் அதில் ஏறி முறுக்கி விளையாடிக் கழுத்து இறுகிய சம்பவங்கள் நம் நாட்டில் நடந்திருக்கின்றன. ஸ்பிரிங் தொட்டில் வைத்திருப்போர் வாரம் ஒருமுறை கொக்கியில் துரு பார்க்க வேண்டும். கடல்காற்று ஊரில் இரும்பை நம்ப முடியாது. ஸ்பிரிங் அறுந்தாலும் தாங்கும்படி அதன் வழியாக ஒரு கயிறும் கட்டிவையுங்கள். மின்விசிறிக் கொக்கியில் கட்டவே கட்டாதீர்கள்.

"ஐஎஸ்ஐ முத்திரை போட்டிருக்கிறதே"

எங்கே போட்டிருக்கிறது என்று பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு அந்த முத்திரை கட்டாயம். தொட்டிலில் தொங்கும் கிலுகிலுப்பையில் இருக்கும் முத்திரை கிலுகிலுப்பைக்கு உரியது. தொட்டிலுக்கு அதில் பங்கில்லை. பெட்டியின்மேல் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயரும் முகவரியும், தாங்கும் எடையும் இருக்கிறதா பாருங்கள். பெயரே இல்லாத பெட்டியை வாங்காதீர்கள். உடைந்தால் யார்மேல் புகார் கொடுப்பது? புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915.

"பாட்டி வீட்டுத் தொட்டில் ராசியானது"

ராசி இருக்கட்டும். வீட்டுச் சாயத்தில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம் என்று இந்தியா கட்டுப்படுத்தியது 2017 நவம்பரில்தான். அதற்கு முன் சாயம் பூசிய மரத்தைப் பிள்ளை கடித்துச் சப்பும். பழைய தொட்டிலைக் கொலுவில் வையுங்கள், அழகாக இருக்கும்.

எங்கள் கட்டடத்துப் பிள்ளைக்கு இப்போது நான்காவது மாதம். அந்த 2,200 ரூபாய்த் தொட்டிலில், ஒரு விரிப்பு மட்டும் போட்டு, மல்லாக்கத் தூங்குகிறது. பெரியம்மாதான் இரவில் கொண்டி மாட்டுகிறார். இன்னும் ஒன்றிரண்டு மாதத்தில் அது கையையும் முழங்காலையும் ஊன்றி எழப் பார்க்கும். உங்கள் வீட்டிலும் அந்த நாள் வந்ததும், தொட்டில் எத்தனை புதிதாக இருந்தாலும், மடித்து மேலே ஏற்றிவிடுங்கள்.