ஈவும் மீதியும் தெரிந்தால் சப்நெட் பிரிக்கலாம்

சப்நெட் என்றதும் பலர் இரும எண்களை நினைத்து மிரண்டுவிடுகிறார்கள். அன்றாட வேலைக்குத் தொடக்கப் பள்ளியில் படித்த வகுத்தலே போதும்.

192.168.10.0/24 என்ற நெட்வொர்க்கை எடுத்துக்கொள்வோம். கடைசி எண் 0 முதல் 255 வரை போகும். மொத்தம் 256 முகவரிகள்.

முதலில் தேவையைக் கணக்கிடுங்கள். ஆய்வகத்தில் 50 கணினிகள் என்றால், ரவுட்டரைச் சேர்த்து 51. ஒவ்வொரு சப்நெட்டிலும் முதல் முகவரி அந்த நெட்வொர்க்கைக் குறிக்கவும், கடைசி முகவரி பிராட்காஸ்ட்டுக்கும் போய்விடும், ஆக 53. இனி 2, 4, 8, 16, 32, 64 என இரட்டித்துக்கொண்டே போனால், 53 அடங்கும் முதல் எண் 64. ரவுட்டரை மட்டும் மறந்துவிடாதீர்கள். 62 கணினிகள் இருந்தால் 65 முகவரிகள் வேண்டும். 64 போதாது, 128-க்குத்தான் போகவேண்டும்.

256-ஐ 64-ஆல் வகுத்தால் ஈவு 4. நான்கு சப்நெட்டுகள், அவை 0, 64, 128, 192 ஆகியவற்றில் தொடங்கும். 256-இல் 64-ஐக் கழித்தால் 192, மாஸ்க் 255.255.255.192. ஆறு இரண்டுகளைப் பெருக்கினால் 64. முகவரியின் 32 பிட்டுகளில் அந்த ஆறு போக மீதம் 26 என்பதால், இதை /26 என்று எழுதுகிறோம்.

192.168.10.150 எந்த சப்நெட்டில் இருக்கிறது? 150-ஐ 64-ஆல் வகுங்கள்: ஈவு 2, மீதி 22. ஈவை 64-ஆல் பெருக்கினால் 128. சப்நெட் அங்கே தொடங்குகிறது. அடுத்தது 192-இல் தொடங்குவதால் பிராட்காஸ்ட் 191. இடையிலுள்ள 129 முதல் 190 வரை கருவிகளுக்குக் கொடுக்கலாம். மீதி 0 வந்தால் அது நெட்வொர்க் முகவரி, 63 வந்தால் பிராட்காஸ்ட். இரண்டையும் எந்தக் கணினிக்கும் கொடுக்கக் கூடாது.

பழுது பார்க்கும்போதும் இந்தக் கணக்கு கைகொடுக்கும். 150-இல் உள்ள கணினிக்கு 200-இல் உள்ள பிரின்டர் எட்டவில்லையா? 200-ஐ 64-ஆல் வகுத்தால் ஈவு 3. ஈவு வேறு என்றால் சப்நெட்டும் வேறு. ரவுட்டர் வழியாகத்தான் போகமுடியும். கேபிளைக் கழற்றும் முன் ரவுட்டரின் அமைப்பைப் பாருங்கள்.

பிரிவுகளின் அளவு வெவ்வேறாக இருந்தால் பெரியதிலிருந்து தொடங்குங்கள். 100, 50, 25 கணினிகள் என்றால் 128, 64, 32 முகவரிகள்: 0–127, 128–191, 192–223. சிறியதை முதலில் வைத்தால் சிக்கல். 32 முகவரிகள் முடிந்த இடத்தில் 64 முகவரிகள் கொண்ட சப்நெட் தொடங்க முடியாது. தொடக்க எண் அந்த அளவால் மீதியின்றி வகுபட வேண்டும்.

எஞ்சிய 224–255 முகவரிகளை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருங்கள். நாளை கேமராக்களோ இணையத் தொலைபேசிகளோ வரும்போது அவை வேண்டியிருக்கும்.