ஐயமும் ஏடும்

'கேடி' என்னும் சொல் தெருப்பேச்சிலும் திரைப்படத்திலும் இயல்பாகப் புழங்குகிறது. 'கேடு' என்பதன் வழிப் பிறந்தது போலத் தோன்றினும், அது காவல் நிலையப் பதிவேட்டிலிருந்து வந்த சொல். அறியப்பட்ட கொள்ளையர் எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் இரண்டும் சேர்ந்து தமிழில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டன.

சட்டத்திற்கு உட்பட்டு வாழும் குடிமக்கள் காவல் நிலையத்தின் படியேறுவது அரிது. கடவுச்சீட்டு விசாரணை, தொலைந்த சான்றிதழுக்கான மனு என்ற அளவில் அவர்தம் தொடர்பு முடிந்துவிடும். காவலர் நாள்தோறும் காண்பது அடித்தவரையும் அடிபட்டவரையும், பறித்தவரையும் பறிகொடுத்தவரையுமே. ஆகவே ஐயுறுதல் அவர் கண்ணுக்குப் பழகிப்போகிறது. ஐயம் இன்றித் துப்புத் துலக்க இயலாது. அதனைக் குறையெனக் கூறுதல் நேர்மையன்று. அந்த ஐயம் ஏட்டில் ஏறி, ஒரு சமூகத்தின் மீதே முத்திரையாகப் பதிந்தபோது நிகழ்ந்தது வேறு.

ரேகைச் சட்டம்

1871ஆம் ஆண்டு ஆங்கிலேய அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. முதலில் வட இந்தியப் பகுதிகளில் நடைமுறைக்கு வந்த இது, 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழிச் சென்னை மாகாணத்திற்கும் விரிந்தது. அறிவிக்கப்பட்ட சமூகத்தினர் விரல் ரேகையைப் பதிய வேண்டும். அழைக்கும்போது காவலர்முன் நிற்க வேண்டும். சீட்டுப் பெறாமல் ஊரைவிட்டுச் செல்லுதல் கூடாது. மக்கள் இதனை ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். ஏர் உழுது பிழைத்தவரும் களவு செய்தவரும் அப்பதிவேட்டில் ஒன்றே. குற்றமற்றவர் என மெய்ப்பிக்க ஒருவர்க்கு வழியே இல்லை. ஏனெனில் அவர்மீது எக்குற்றமும் சாட்டப்படவில்லை!

மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில் பிறமலைக் கள்ளர் ரேகை பதிய மறுத்தனர். 1920 ஏப்ரல் 3 அன்று காவலர் துப்பாக்கிச் சூடு நடத்தினர். அந்நிகழ்வில் உயிரிழந்த பதினாறு பேருள் மாயக்காள் என்னும் பெண்ணும் ஒருவர். வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் இம்மக்களுக்காக வாதாடினார். சென்னை மாகாணத்தில் இச்சட்டம் நீங்க 1947 வரை காத்திருக்க நேர்ந்தது. நாடு முழுவதும் நீங்கியது 1952இல்.

அதே அரசின் இன்னொரு சட்டம்

வியப்பு யாதெனில், குற்றப் பரம்பரைச் சட்டம் தோன்றிய மறு ஆண்டே, 1872இல், அதே அரசு இந்தியச் சாட்சியச் சட்டத்தை இயற்றியது. ஒருவரது பழைய தீயொழுக்கத்தைக் காட்டி இன்றைய குற்றத்தை மெய்ப்பிக்கப் பொதுவாக அது இடம் தரவில்லை. காவல் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தையும் குற்றம் சாட்டப்பட்டவர்க்கு எதிராக ஏற்க மறுத்தது. ஏட்டைப் பார்த்து மனிதரை எடைபோடுவது காவல் நிலையத்தின் வழக்கம். அவ்வேட்டைப் பொதுவில் மூடிவைக்குமாறு நீதிமன்றத்திற்குக் கட்டளை.

இவ்விரண்டும் விடுதலைக்குப் பின்னரும் மோதின. உத்தரப்பிரதேசத்தைச் சேர்ந்த கரக் சிங், 1941இல் கொள்ளை வழக்கொன்றில் சான்றின்மையால் விடுவிக்கப்பட்டவர். எனினும் காவல்துறை அவர் பெயரில் சரித்திரப் பதிவேடு தொடங்கியது. இரவில் காவலர் வந்து கதவைத் தட்டி, உறங்குபவரை எழுப்பி, அவர் வீட்டில் இருப்பதை உறுதிசெய்து செல்வர். 1962 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்த இரவுச் சோதனையைச் செல்லாது என்றது. பின்தொடர்ந்து கண்காணித்தல் முதலியவற்றைத் தடுக்கவில்லை. கண்காணிப்பு விதி முழுவதுமே செல்லாது என நீதிபதி சுப்பாராவ் மாறுபட்டு எழுதினார். அந்தரங்கம் அடிப்படை உரிமையன்று என அன்று பெரும்பான்மையினர் கொண்ட கருத்தினை, 2017இல் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு தவறெனத் தள்ளியது.