குளிர்ந்த விரல்

தம்பி,

நீ அனுப்பிய திட்ட அறிக்கையை இரண்டு முறை படித்தேன். எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டோடு நிறுத்திவிட்டுக் கம்பெனி தொடங்கப்போகிறாய் என்று உன் அப்பா போனில் அழாத குறை. அது உங்கள் வீட்டு வழக்கு. என் சண்டை அறிக்கையோடுதான்.

முப்பத்தொரு இடத்தில் 'பயனர்' என்று எழுதியிருக்கிறாய். எண்ணினேன், ஓய்வுபெற்றவனுக்கு வேறென்ன வேலை. 'நோயாளி' ஓரிடத்திலும் இல்லை. இத்தலார் கிராமத்திலிருந்து காய்ச்சலோடு பஸ்ஸில் நின்றபடி வருகிறவள் எதைப் பயன்படுத்த வருகிறாள்?

அடுத்தது அந்த 'ஒரு சொட்டு'. விரல்நுனியில் ஒரு சொட்டு, மூன்று நிமிடத்தில் ஹீமோகுளோபினும் அரிவாள்செல் ரத்தநோய்ச் சோதனையும். அரிவாள்செல்லை எடுத்துக்கொண்டது சரி. 1952-இலேயே லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் அதை நம் நீலகிரிப் பழங்குடிகளிடம் கண்டு எழுதினார்கள். ஆனால் சொட்டு எங்கிருந்து வரும்? ஜனவரி காலை ஏழு மணிக்கு நம் எமரால்டில் ஒரு விரலைத் தொட்டுப் பார்த்திருக்கிறாயா? கொழுந்து பறித்துக் காய்த்து, கறையேறி, ஐஸாகக் கிடக்கும். குத்தினால் ரத்தம் வராது. பிதுக்குவாய். திசுநீரும் கலந்து வந்து ஹீமோகுளோபினைக் குறைத்துக் காட்டும்.

நானும் பிதுக்கியவன்தான். வேலைக்கு வந்த புதிதில், ஒரு எஸ்டேட் முகாமில், வரிசையாக எல்லாப் பெண்களுக்கும் ரத்தசோகை என்று எழுதித் தள்ளினேன். ஆயாம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஆளுக்கொரு டம்ளர் சுடுடீயைக் கையில் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பாதிப் பேருடைய சோகை அந்த டம்ளரிலேயே தீர்ந்தது.

படிப்பை விட்டு ஜெயித்தவர்கள் என்று நீ கொடுத்த பட்டியலில் எலிசபெத் ஹோம்ஸைக் காணோமே? ஸ்டான்ஃபோர்டைப் பாதியில் விட்டவர்தான். 2003-இல் தெரானோஸ் கம்பெனி, விரல்நுனி ரத்தத்தில் நூற்றுக்கணக்கான சோதனைகள் என்ற வாக்குறுதி. 2022 ஜனவரியில், முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றவாளி என்று தீர்ப்பு. இன்னொரு பக்கம், மதுரை வெங்கடசாமி டாக்டருக்கு முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களுக்குத் தோதாகக் கருவி செய்துகொண்டு கண்புரை அறுத்தார். 1976-இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனை. மலிவான கண்வில்லை செய்யும் ஆரோலேப் வந்தது 1992-இல்தான். இடையில் பதினாறு வருஷம்.

அறிக்கையின் பதினான்காம் பக்கம் மட்டும், அடேயப்பா! சிக்னல் போனால் நோட்டுப்புத்தகம், கரண்ட் போனால் கையால் சுற்றும் சக்கரம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியதை மறக்காதவன்தான் அப்படி எழுத முடியும். எனக்குத் தெரிந்த எந்த டாக்டரும் அந்தப் பக்கத்தை எழுதியிருக்க மாட்டான். அதை வைத்துக்கொள், மற்றதைக் கிழித்துப்போடு.

ஜனவரியில் கருவியோடு வா. முதல் பஸ்ஸைப் பிடி, வெயில் ஏறிவிட்டால் பயனில்லை. என் விரலிலேயே குத்திப் பார். டீ அதற்கப்புறம்தான் தருவேன்.