கருவி மீது காதல், காட்சி மீது காதல்

கேள்வி: புதிய கமராவும் லென்ஸும் வாங்குவதில் உள்ள ஆவல், படமெடுப்பதில் குறைந்து வருகிறது. இது பிழையா?
– ஒரு வாசகர், திருகோணமலை

பதில்: நுட்பமாகச் சமைத்த ஒரு லென்ஸைக் கையிலேந்தி வியப்பதும் ஓர் இரசனையே, அதைப் பிழையென்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் படமெடுக்கும் அபிலாஷை வேறென்பதற்குத் தங்கள் ஊர்க் கடலே சாட்சி. 1956இல் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் கோணேசர் மலையடியில் மூழ்கி, 17ஆம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் இடித்த ஆலயத்தின் தூண்களைக் கடலடியில் கண்டு படம் பிடித்தபோது, நீர் புகாத காப்பின்றி அங்கே எந்தக் கமராவும் பயன்படாதாகையால், கருவியைப் பற்றிய விசாரம் அவர்களுக்கும் இருந்தே தீரும். ஆனால் அந்த விசாரம், காணவேண்டிய பொருளிலிருந்து பிறந்தது. தங்களுடையதோ கடை ஜன்னலிலிருந்து பிறக்கிறது.

இலங்கையிலேயே 1879இல் காலமான ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார், 48ஆவது வயதில் மகள் வழியாகக் கிடைத்த கமராவைக் கொண்டு ஆக்கிய முகப்படங்களைக் கூர்மை போதாதென்று அக்காலத்தார் குறை கூறினர். இன்று அவற்றின் முன் நிற்பவருக்கு, எந்த லென்ஸ் என்று கேட்கும் ஞாபகமே வருவதில்லை.

வாடைக்காற்று ஓய்ந்தபின் ஒரே லென்ஸுடன் கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்கு விடியலிலே செல்லுங்கள். பல நாள் சென்றும், அதனால் எடுக்க இயலாத படம் ஒன்றுக்காக மனம் தவிக்குமானால், அதற்குரிய லென்ஸைத் தயங்காமல் வாங்குங்கள்.