பன்னீர் மணத்தின் பூர்வீகம்

அன்புள்ள பேத்திக்கு,

போன முறை நீ வந்திருந்தபோது, வெள்ளோட்டில் வாங்கிய திராட்சையைத் தின்றுகொண்டே, “கறுப்புப் பழத்துக்கு ஏன் தாத்தா பன்னீர்னு பேரு?” என்று கேட்டாய். திண்டுக்கல் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இப்போது சொல்கிறேன்.

அந்தத் திராட்சைக்கு வெளியுலகில் மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். ஒரு கறுப்பு ரகமும் ஒரு வெள்ளை ரகமும் சேர்ந்து பிறந்தது. அந்த வெள்ளை ரகம்தான் மஸ்கட் ஆஃப் அலெக்சாண்டிரியா. மத்தியதரைக் கடலோரத்தின் மிகப் பழைய திராட்சைகளில் ஒன்று. நம் பழத்தின் மணம் அதன் சீதனம். ஒயினுக்கு வளர்க்கும் திராட்சைகளில் பலவற்றைக் கையில் எடுத்து முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. மஸ்கட் வம்சம் அப்படியில்லை. பழத்தில் என்ன மணமோ அதேதான் ஒயினிலும் இருக்கும்.

ஒரு பழத்தைக் காம்புப் பக்கம் பிதுக்கிப் பார். வெளிர்பச்சைச் சதை வழுக்கி வெளியே வரும். கறுப்பெல்லாம் தோலோடு நின்றுவிடும். அந்தத் தோலைத் துப்பாமல் மென்று பார், ரோஜா வாசம் வரும். ஜெரானியால் என்ற பொருள் அங்கேதான் மிகுதி. நிலக்கோட்டைச் சந்தைக்கு மூட்டையில் வரும் ரோஜாவிலும் அதே பொருள் உண்டு. பன்னீர் என்று பெயர் வைத்தவருடைய மூக்கு பொய் சொல்லவில்லை, கண்ணு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே தின்னாதே. குளிர்ந்த பழத்தில் மணம் எழும்பாது. சாறு பிழிந்தால் கொதிக்கவிடாதே, மணம் ஆவியோடு போய்விடும்.

ஐரோப்பாவில் கொடி குளிரில் உறங்கி எழுந்து வருஷத்துக்கு ஒரு முறைதான் காய்க்கும். நம் பக்கம் அந்த உறக்கமே இல்லை. நாம் கவாத்து செய்கிற நாள்தான் அதற்கு விடியல். ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையும் இதே ரகம்தான்.

ஆனால் ஒன்று என்னை வருத்துகிறது. நிறம் முந்தும், மணம் பிந்தும். கறுத்ததும் பழுத்துவிட்டதென்று அறுத்தால் புளிப்புதான் மிஞ்சும். மழை வந்தால் பழம் வெடித்துவிடும், கடன்காரரும் காத்திருக்க மாட்டார். அவசரப்படுகிறவரை நான் எப்படிக் குறை சொல்வது? இருந்தாலும் அந்தக் கடைசிச் சில நாட்களில்தான் அந்த வெள்ளை ரகத்தின் வாசம் பழத்துக்குள் இறங்குகிறது.

மார்கழிக் கடைசியில் நம் பந்தலில் கவாத்து செய்யப்போகிறேன். சித்திரை விடுமுறைக்கு வா. எந்தக் கொத்தை என்றைக்கு அறுக்கலாம் என்பதை நீ முகர்ந்து பார்த்துச் சொல்.

அன்புடன்,
தாத்தா