பீப்பாயிலிருந்து பாட்டிலுக்கு: வீட்டு பீரைச் சுவைத்து அடைக்க முழுமையான வழிகாட்டி

பர்பன் விஸ்கியை, உட்புறம் கருக்கிய புதிய ஓக் மரக் கலத்தில்தான் வைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அதனால் ஒருமுறை விஸ்கி இறங்கிய பீப்பாய்கள் அங்கே தாராளமாக விற்பனைக்கு வருகின்றன. 1990களில் சிகாகோவின் கூஸ் ஐலண்ட் ஆலை அவற்றில் ஸ்டௌட் பீரை முதிரவைத்துப் பெயர் வாங்கியது. வீட்டில் காய்ச்சுபவர்களும் அதே வழியில் இறங்கினார்கள்.

பீப்பாயில் ஊற்றுவது சுலபம். எப்போது எடுப்பது, எப்படி அடைப்பது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். எடுக்கலாமா என்பதை நாக்கு சொல்லும். அடைக்கலாமா என்பதை, அடர்த்தியை அளக்கும் கருவியான ஹைட்ரோமீட்டர் சொல்லும். ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் கொடுக்கக் கூடாது. இங்கே 19 லிட்டர் இம்பீரியல் ஸ்டௌட்டை எடுத்துக்கொள்வோம்.

முதலில் சட்டம்

அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டம் 1979 முதல் வீட்டில் பீர் காய்ச்ச இடம் தருகிறது: வயதுவந்தவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 காலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன். விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் உரிமமின்றி மது தயாரிப்பது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்.

படி 1: மாதிரி எடுத்தல்

பீப்பாயின் மேல்வாய் அடைப்பைத் திறக்கும்போதெல்லாம் காற்று உள்ளே போகும். வினிகர் பாக்டீரியாவுக்கு அதுதான் வேண்டும். கலிபோர்னியாவின் ரஷ்யன் ரிவர் ஆலையைச் சேர்ந்த வின்னி சிலுர்சோ பரப்பிய உத்தி இதற்கு நல்ல மாற்று: பீப்பாயின் தட்டையான முகப்பில் 7/64 அங்குலத் துளையிட்டு, துருப்பிடிக்காத எஃகு ஆணியை இறுக அடித்துவிடுங்கள். ஆணியைப் பிடுங்கினால் பீர் மெல்லிய கீற்றாகக் கிளாஸில் விழும். 50 மில்லி போதும். ஆணியைக் கிருமிநீக்கித் திரவத்தில் முக்கித் திரும்ப அடியுங்கள்.

சிறிய பீப்பாயில் பீரின் அளவோடு ஒப்பிட்டால் மரப்பரப்பு அதிகம். சுவை சீக்கிரம் ஏறும். 19 லிட்டர் பீப்பாயை வாரந்தோறும் சோதியுங்கள். 200 லிட்டர் பீப்பாய்க்கு மாதம் ஒருமுறை போதும்.

படி 2: சுவைத்தல்

குளிர்சாதனப் பெட்டியின் குளிரில் மணம் அடங்கிவிடும்; 12 டிகிரி செல்சியஸ் சரி. முதலில் முகருங்கள், பிறகு ஒரு வாய் எடுத்து நாக்கெங்கும் படரவிடுங்கள்.

- வெனிலா, தேங்காய் மணம்: ஓக் மரம் தருவது. வேண்டியதும் இதுதான்.
- கொட்டைப்பாக்கு மென்றதுபோல ஈறைப் பிடிக்கும் துவர்ப்பு: மரச்சத்து ஏறுகிறது. லேசாகத் தெரியும்போதே எடுத்துவிடுங்கள்.
- நனைந்த அட்டைப்பெட்டி வாடை: காற்றுப் பட்டுவிட்டது.
- வினிகர் அல்லது நகப்பூச்சு நீக்கியின் நெடி: ஸ்டௌட்டில் இது வந்தால் மீட்பு இல்லை. கொட்டிவிடுங்கள்.

பீப்பாய் பீரில் வாயு அதிகம் இருக்காது. வாயு ஏறியதும் இனிப்பு சற்றுப் பின்வாங்கும். அதனால் இப்போது கொஞ்சம் இனிப்பு தூக்கலாகத் தெரிந்தால் கவலை வேண்டாம்.

படி 3: கலந்து பார்த்தல்

மரச்சுவை மிஞ்சிவிட்டால், பீப்பாய்க்குப் போகாத அதே ஸ்டௌட்டைக் கலக்கலாம். முதலில் கிளாஸில் பாருங்கள்: பீப்பாய் பீர் 90 மில்லிக்கு மற்றது 10, 80க்கு 20, 70க்கு 30. எந்தக் கிளாஸ் முதலில் காலியாகிறதோ அந்த விகிதத்தில் மொத்தத்தையும் கலக்குங்கள். கெட்டுப்போன பீரை மட்டும் கலந்து சரிசெய்ய முயலாதீர்கள். நல்ல பீரும் வீணாகும்.

படி 4: அடர்த்தி சோதனை

தவிர்க்கவே கூடாத படி இது. மரத்தின் நுண்துளைகளில் பிரெட்டனோமைசிஸ் போன்ற காட்டு ஈஸ்ட் குடியிருக்கலாம். சாதாரண ஈஸ்ட் விட்டுவைத்த சர்க்கரையை அது மெதுவாகத் தின்னும்.

அடர்த்தி 1.024இல் அடைத்த பீர் பாட்டிலுக்குள் 1.020க்கு இறங்கியது என்று வையுங்கள். லிட்டருக்கு ஏறக்குறைய 2 லிட்டர் வாயு கூடுதலாகப் பிறக்கும். பீரில் ஏற்கெனவே உள்ள வாயு, நீங்கள் சேர்க்கும் சர்க்கரையின் வாயு இரண்டோடும் சேர்ந்து இது 4ஐத் தாண்டும். சாதாரண பீர் பாட்டில் அதைத் தாங்காமல் வெடிக்கலாம்.

எனவே சில வார இடைவெளியில் இருமுறை அளந்து, இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டுமே அடையுங்கள். கலந்த பீர் என்றால் கலந்த பிறகு அளவுகளை எடுங்கள்.

படி 5: சர்க்கரையும் ஈஸ்டும்

ஸ்டௌட்டுக்கு லிட்டருக்கு 2.2 லிட்டர் வாயு அழகாக இருக்கும். பீரில் ஏற்கெனவே 0.6 இருப்பதாகக் கொண்டால் 1.6 சேர்க்க வேண்டும். லிட்டர் வாயு ஒன்றுக்கு 4 கிராம் வெள்ளைச் சர்க்கரை: 1.6 × 4 × 19, அதாவது சுமார் 120 கிராம். ஒரு டம்ளர் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள்.

பழைய ஈஸ்ட் களைத்திருக்கும். அதிக ஆல்கஹாலைத் தாங்கும் பாட்டில் ஈஸ்ட் அல்லது ஷாம்பெயின் ஈஸ்ட் 2 கிராம், வெதுவெதுப்பான நீரில் கரைத்துச் சேருங்கள்.

படி 6: அடைத்தல்

1. பழுப்புப் பாட்டில்களைக் கழுவி, கிருமிநீக்கியில் 2 நிமிடம் நனைத்துக் கவிழ்த்து வையுங்கள்.
2. சர்க்கரைப் பாகையும் ஈஸ்டையும் அடைப்பு வாளியில் ஊற்றுங்கள்.
3. சைஃபன் குழாயால் பீரைச் சலசலக்காமல் அதன்மேல் இறக்குங்கள். வாயால் உறிஞ்சாதீர்கள். அடியிலுள்ள வண்டலை விட்டுவிடுங்கள்.
4. நிரப்புக் குழாயைப் பாட்டிலின் அடிவரை இறக்கி, கீழிருந்து நிரப்புங்கள். மேலே 2 முதல் 3 சென்டிமீட்டர் இடம் விட்டு உடனே மூடி அழுத்துங்கள்.
5. ஒன்றை மட்டும் பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்புங்கள். அது அழுத்தினால் அமுங்காமல் கல்லாக இறுகும்போது மற்றவற்றிலும் வாயு ஏறியிருக்கும்.

படி 7: காத்திருப்பு

20 முதல் 22 டிகிரியில், இருட்டில், மூடிய பெட்டிக்குள் மூன்று வாரம் வையுங்கள். இதுபோன்ற கடும் ஸ்டௌட்டுக்கு இரண்டு மாதம்கூட ஆகலாம். ஒன்றைக் குளிரவைத்துத் திறந்து பாருங்கள். நுரை பொங்கி வழிந்தால் எல்லாவற்றையும் உடனே குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றி, சீக்கிரம் குடித்துவிடுங்கள்.

காலியான பீப்பாயை வெறுமனே உலரவிட்டால் பலகைகள் சுருங்கி ஒழுகும். அடைக்கும் நாளிலேயே அடுத்த பீர் தயாராக இருக்கும்படி காய்ச்சும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை மரச்சுவை மெதுவாகவே ஏறும், பொறுமையாகச் சுவைக்கலாம்.